குறட்டை மெஷின்: முதல் இரண்டு வாரம்தான் கஷ்டம்!

குறட்டையைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருந்தன. "டாக்டரைப் பார்த்தோம், டெஸ்ட் எடுத்தோம், மெஷினும் வாங்கியாச்சு. மூணு நாள் போட்டாரு. இப்போ பரண்மேல இருக்கு." ஒரு வாசகி, மெஷின் வந்த அட்டைப்பெட்டியில் கொலு பொம்மைகளை வைத்திருப்பதாக எழுதியிருந்தார். மெஷின் எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை.

எனவே, இந்த வாரம் மெஷின் வாங்கிய பிறகு வரும் பிரச்னை. மூக்கில் காற்று அடிக்கும்போது எப்படித் தூங்குவது?

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்கு முதலில் சுருக்கமாக: தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை ஒட்டிக்கொள்கிறது. பத்து விநாடி, இருபது விநாடி, சிலருக்கு அதற்கு மேலும் மூச்சு நிற்கிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைகிறது. மூளை பதறிப்போய் எழுப்புகிறது. பெரிய குறட்டை ஒன்றோடு மூச்சு திரும்புகிறது. மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. இதுதான் ஸ்லீப் ஆப்னியா. வேலைக்குப் போகும் வயதில் இருக்கும் இந்தியர்களில் சுமார் 10 கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என்று தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-ல் கணக்கிட்டார்கள். 2022 பிப்ரவரியில் இந்திப் பட இசையமைப்பாளர் பப்பி லஹிரி இறந்தபோதுதான் நம்மில் பலர் இந்தப் பெயரையே செய்தியில் கேட்டோம். குறட்டை என்றால் நல்ல தூக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்த தலைமுறை நம்முடையது.

இதற்கு முக்கியமான சிகிச்சை 'சிபாப்' என்கிற மெஷின். சின்ன டிபன்பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி, ஒரு குழாய், முகத்தில் ஒரு மாஸ்க். ராத்திரி முழுவதும் மெல்லிய அழுத்தத்தில் காற்றைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். அண்ணன் அனுமதி கொடுத்துவிட்டார், "பேரை மட்டும் போடாதே பாப்பா" என்ற நிபந்தனையோடு.

அண்ணன் திருவண்ணாமலையில் சொந்தமாக வேன் ஓட்டுகிறார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி சென்னையிலிருந்து கிரிவலத்துக்கு ஆட்களை ஏற்றி வருவார். அவர்கள் பதினான்கு கிலோமீட்டர் சுற்றி முடிக்கும்வரை வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். பிறகு ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்பக் கொண்டுபோய் விடுவார். ஐம்பத்திரண்டு வயது, நல்ல கனம். சட்டைக் காலர் பட்டனைப் போட்டு வருஷக்கணக்காகிறது. போன வருஷம் செஞ்சியைத் தாண்டி வரும்போது, பக்கத்து சீட்டில் இருந்தவர் "அண்ணே!" என்று கத்திய பிறகுதான் வண்டி சாலையோரப் புளியமரத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருப்பது இவருக்குத் தெரிந்தது. கீழ்பென்னாத்தூரில் நிறுத்தி இரண்டு டீ குடித்துவிட்டு வந்தார். வீட்டில் சொல்லவில்லை. பக்கத்து சீட்டுக்காரர்தான் சொன்னார்.

அப்புறம் டெஸ்ட். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி தூங்கவைத்துப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு 42 தடவை மூச்சு நின்றிருக்கிறது, அல்லது குறைந்திருக்கிறது. 5-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 15-லிருந்து 30 நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை. ஏழு மணி நேரம் தூங்கினால் முந்நூறு தடவைக்குப் பக்கம். அந்தத் தூக்கத்தை வைத்துக்கொண்டு அவர் மறுநாள் ஸ்டியரிங் பிடித்திருக்கிறார், பின்னால் பன்னிரண்டு பேரோடு.

மெஷின் வந்தது. கொண்டுவந்த ஆள் பிளக்கைச் செருகிக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு பத்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டார். நாலாவது நாள் காலை அண்ணியிடமிருந்து போன். "நீயே வந்து உங்க அண்ணனுக்குச் சொல்லு. நடு ராத்திரியில புடுங்கிப் போட்டுட்டு உக்காந்திருக்காரு. மூச்சு முட்டுதாம். மூச்சு முட்டக் கூடாதுன்னுதானே இதை வாங்கினோம்?"

அண்ணி கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அண்ணன் சொன்னதும் பொய் இல்லை.

நாம் சாதாரணமாக மூச்சை உள்ளே இழுக்கும்போதுதான் உடம்பு வேலை செய்கிறது. வெளியே விடுவது தானாக நடக்கும், நெஞ்சு தளர்ந்தால் போதும். சிபாப் போட்டதும் இது தலைகீழாகிவிடுகிறது. இழுப்பது சுலபம், காற்று தானே வந்து விழுகிறது. விடுவதற்குத்தான் எதிரே வரும் காற்றைத் தள்ள வேண்டியிருக்கிறது. பைக்கில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றில் வாயைத் திறந்தால் எப்படி இருக்கும்? விழித்திருக்கும் மனிதனுக்கு முதல் பத்து நிமிஷம் அதே தவிப்புதான். தவித்ததும் வேகமாக மூச்சு விட ஆரம்பிக்கிறோம். வேகமானதும் இன்னும் முட்டுகிறது. மாஸ்க்கைப் பிடுங்குகிறோம்.

அந்த அழுத்தம் உண்மையில் எவ்வளவு என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். டாக்டர் சீட்டில் 11 என்றோ 9 என்றோ எழுதுவது, அத்தனை சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் என்ற கணக்கு. ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து, சின்ன வயதில் செய்த மாதிரி பப்பாளிக் காம்பை விட்டு ஊதிப் பாருங்கள். பப்பாளி இல்லை என்றால் ஸ்ட்ரா. காம்பின் நுனி பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும்போது குமிழி வர எவ்வளவு ஊத வேண்டியிருக்கிறதோ, அதுதான் பத்து. ஐந்து வயதுப் பிள்ளை சிரித்துக்கொண்டே ஊதும். நம்மைச் சுற்றி எப்போதும் இருக்கும் காற்றின் அழுத்தம் இதே கணக்கில் ஆயிரத்துக்கும் மேல். மெஷின் அதோடு நூற்றில் ஒரு பங்கைச் சேர்க்கிறது, அவ்வளவுதான். இந்தச் சொம்பு வித்தையை அண்ணனுக்குச் செய்து காட்டினேன். "இதுக்கா நான் பயந்தேன்?" என்றார். ராத்திரி மறுபடி பயந்தார். அது வேறு விஷயம்.

அந்த நூற்றில் ஒரு பங்கு உள்ளே என்ன செய்கிறது? காற்று இறங்கிய சைக்கிள் டியூபை நினைத்துக்கொள்ளுங்கள். உள்பக்கம் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். கொஞ்சம் காற்று அடித்தாலே பிரிந்து நிற்கும். தொண்டையையும் காற்று அப்படித்தான் பிரித்து நிறுத்துகிறது. மற்றபடி மெஷின் நமக்காக மூச்சு விடுவதில்லை. அது கொடுப்பது ஆக்ஸிஜனும் இல்லை, அறையில் இருக்கும் அதே காற்றுதான். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு முகத்தில் குழாய் என்றாலே ஜனங்கள் வேறு மாதிரி பார்க்கிறார்கள். எங்கள் தெருவில் "வேன்காரருக்கு வீட்டுலயே வென்டிலேட்டர் வச்சுட்டாங்களாம்" என்று பேச்சு கிளம்பி, ஒருவர் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்கவே வந்துவிட்டார்.

இந்த மெஷின் பிறந்த கதையும் சுவாரஸ்யமானது. 1980 வரை கடுமையான ஸ்லீப் ஆப்னியாவுக்கு டாக்டர்களிடம் இருந்த உறுதியான வழி ஒன்றுதான்: கழுத்தில் துளை போட்டு அதன் வழியாக மூச்சு விடவைப்பது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஒரு நோயாளி அந்த ஆபரேஷனுக்குச் சம்மதிக்கவில்லை. அவருக்காக டாக்டர் காலின் சல்லிவன் ஒரு வாக்குவம் கிளீனர் மோட்டாரை உறிஞ்சுவதற்குப் பதிலாக ஊதும்படி மாற்றி, மூக்கோடு இணைத்தார். அந்த மனிதர் இரவு முழுவதும் அடைப்பில்லாமல் தூங்கினார். அடுத்த வருஷம், 1981-ல், ஐந்து நோயாளிகளின் விவரத்தோடு 'லான்செட்' இதழில் கட்டுரை வந்தது. ஆரம்ப நாட்களில் மாஸ்க்கை ஒவ்வொரு ராத்திரியும் முகத்தில் பசை போட்டு ஒட்ட வேண்டுமாம். மோட்டாரோ வீட்டையே எழுப்பும். அதையும் பழகிக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள். இன்றைய மெஷின் போடும் சத்தம் சீலிங் ஃபேனைவிடக் குறைவு.

சரி, எப்படிப் பழகுவது?

முதலில், ராத்திரியில் ஆரம்பிக்காதீர்கள். தூக்கம் வருகிற நேரத்தில், இருட்டில், புதிய பொருளை முகத்தில் கட்டிக்கொண்டால் எரிச்சல்தான் வரும். பகலில், உட்கார்ந்தபடி, வார்களை மாட்டாமல், மாஸ்க்கைக் கையால் மூக்கில் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் போதும். கையில் இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்ற தைரியம் இருக்கும். அண்ணன் சாயந்திரம் சீரியல் நேரத்தில் செய்தார். சீரியலில் யாராவது அழும்போது தானும் மூச்சை மறந்துவிடுவார், அதுதான் நமக்கு வேண்டியது. இரண்டு நாள் கழித்து வார்களை மாட்டிக்கொண்டு இருபது நிமிஷம். பிறகு மத்தியானம் படுத்துக்கொண்டு, தூங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல். அதற்கும் பிறகுதான் ராத்திரி. வாய் மூடியிருக்கட்டும், மூக்கால் மூச்சு. மெஷினோடு தாளம் சேர்க்கவும் வேண்டாம், எண்ணவும் வேண்டாம். எங்கள் ஊரில் தெருவுக்கு ஒருவர் பிராணாயாமம் சொல்லிக்கொடுப்பார். அண்ணனுக்கும் ஒருவர் "நாலு எண்ணி இழு, எட்டு எண்ணி விடு" என்று யோசனை சொல்லிவிட்டுப் போனார். இங்கே அது வேலையைக் கெடுக்கும். எண்ண ஆரம்பித்தால் கவனம் முழுக்க மூச்சில்தான் நிற்கும், தூக்கம் வராது.

இரண்டாவது, மெஷினுக்குள்ளேயே இருக்கும் வசதிகள். பாதிப் பேருக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே இல்லை. விற்றதோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் ஆட்கள்மேல் எனக்குக் கோபமே உண்டு.

'ராம்ப்' என்று ஒன்று இருக்கிறது. போட்டதும் 11-ல் அடிக்காமல் 4-ல் ஆரம்பித்து, இருபது நிமிஷமோ முக்கால் மணி நேரமோ எடுத்துக்கொண்டு மெதுவாக ஏறும். அதற்குள் தூங்கிவிடலாம். ஆனால் எல்லோருக்கும் 4 ஒத்துவராது. கனத்த உடம்புக்காரர்கள் சிலருக்கு 4-ல் "காத்தே வரலை" என்ற தவிப்பு வரும். அண்ணனின் மூச்சுமுட்டல் பாதி இதனால்தான் என்று பிறகு தெரிந்தது. ஆரம்ப அளவை 6 ஆக்கிக் கொடுத்தார்கள், அந்தப் புகார் நின்றது. அழுத்தம் அதிகம் என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதருக்கு உண்மையில் குறைவாக இருந்திருக்கிறது!

இன்னொன்று: நடுராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் மெஷின் முழு அழுத்தத்தில் இருக்கும். பாத்ரூம் போய்விட்டு வந்து படுத்ததும் முகத்தில் அறைகிற மாதிரி தோன்றும். பெரும்பாலான பிடுங்கல் அந்த நேரத்தில்தான் நடக்கிறது. மெஷினை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். ராம்ப் மறுபடி கீழிருந்து ஆரம்பிக்கும். இந்த ஒரு பட்டனால் அண்ணனுக்கு ராத்திரிக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது.

மூச்சை வெளியே விடும்போது மட்டும் அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கிக் கொடுக்கும் வசதியும் பல மெஷின்களில் உண்டு. 1, 2, 3 என்று அளவு இருக்கும். கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். "வெளிய விடறப்போ கஷ்டமா இருக்கு, அதுக்கு செட்டிங் இருக்கா?" என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். தேவைக்கேற்பத் தானே ஏற்றி இறக்கும் 'ஆட்டோ' வகையும் இருக்கிறது. எது யாருக்கு என்பதை டாக்டர் சொல்லட்டும். முக்கிய அழுத்தத்தை மட்டும் நீங்களாகக் குறைக்காதீர்கள். குறைத்தால் சுகமாக இருக்கும், தொண்டை மறுபடி ஒட்டிக்கொள்ளும், மாஸ்க் போட்டுக்கொண்டே குறட்டை விடுவீர்கள். இன்னொருவர் மெஷினை வாங்கிப் போடுவதும் கூடாது, அதில் இருப்பது அவருடைய அளவு. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பழைய மெஷின்களிலும் எச்சரிக்கை. 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், உள்ளே இருக்கும் சத்தம் குறைக்கும் ஃபோம் உதிர்ந்து மூச்சோடு போகலாம் என்று உலகம் முழுவதும் லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெற்றது. அதில் ஒன்று யார் வீட்டுப் பரணில் இருக்கிறதோ!

மாஸ்க்குக்கு வருவோம். காற்று கசிந்து கண்ணில் அடித்தால் எல்லோரும் செய்வது வாரை இறுக்குவது. இறுக்க இறுக்க மூக்குத் தண்டு புண்ணாகும், கசிவு நிற்காது. படுத்த நிலையில், மெஷின் ஓடும்போது, மாஸ்க்கை லேசாகத் தூக்கி மறுபடி உட்காரவைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ராத்திரி முகத்தில் எண்ணெய், கிரீம் கூடாது. தலைக்கு எண்ணெய் தேய்க்கிறவர்கள் அதைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சிலிகான் சீக்கிரம் கெட்டு வழுக்க ஆரம்பிக்கும். படுக்கும் முன் முகம் கழுவுங்கள். திருநீறு, மஞ்சள் எதுவானாலும் மாஸ்க் படும் இடத்தில் மட்டும் துடைத்துவிடலாம், அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார். கார்த்திகையில் மாலை போட்டு தாடி வளர்ப்பவர்களுக்கு ஒரு தகவல்: தாடிமேல் முழு மாஸ்க் சரியாக உட்காராது. மூக்குத் துளையில் மட்டும் பொருந்தும் சின்ன மாஸ்க் கிடைக்கிறது. விரதமும் நடக்கும், சிகிச்சையும் நடக்கும்.

வாய் திறந்து தூங்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு மூக்கு மாஸ்க் போட்டால் உள்ளே போன காற்று வாய் வழியாக ஓடிவிடும். காலையில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கிடக்கும். அவர்களுக்கு வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க் சரிப்படலாம். மூக்கடைப்பு இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம். அடைத்த மூக்கில் காற்றை அடித்தால் யாருக்கும் தூக்கம் வராது.

தொண்டை வறட்சிக்கு மெஷினோடு தண்ணீர்த் தொட்டி வரும். காற்றை ஈரமாக்கிக் கொடுக்கும். அதில் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். போர் தண்ணீர் ஊற்றினால் ஒரு வாரத்தில் வெள்ளையாக உப்புப் படியும். அண்ணன் தொழில் பழக்கத்தில் பெட்ரோல் பங்க்கிலிருந்து பேட்டரி தண்ணீர் கேனைக் கொண்டுவந்து நின்றார். அண்ணி வாசலிலேயே மறித்துவிட்டார். மருந்துக் கடையில் கேளுங்கள். மிச்சத் தண்ணீரைத் தினமும் காலையில் கொட்டிவிட வேண்டும். தீபம் சமயத்துக் குளிரில் ஈரக்காற்று குழாயிலேயே தண்ணீராகி, நடுராத்திரி மூக்கில் சொட்டும். குழாயைப் போர்வைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். மெஷினைக் கட்டில் உயரத்துக்குக் கீழே வையுங்கள். தரையில் வேண்டாம், தூசியை இழுக்கும். கொசுவத்திச் சுருள், ஊதுபத்தி பக்கத்தில் கூடவே கூடாது. மெஷின் எந்தக் காற்றை இழுக்கிறதோ அதைத்தான் ராத்திரி முழுவதும் நுரையீரலுக்குக் கொடுக்கும்.

வயிறு உப்பசம் ஒரு பெரிய புகார். காற்றை விழுங்கிவிட்டு, காலையில் ஏப்பமாக விட்டுக்கொண்டிருப்பார்கள். பஞ்சபூதத் தலங்களில் எங்கள் ஊர் நெருப்பு, காற்று காளஹஸ்திக்கு. ஆனாலும் கிரிவலப் பாதையில் வாயு லிங்கம் உண்டு. "அங்கே ஒரு விளக்கு ஏத்தறேன்" என்றார் அண்ணி. ஏற்றட்டும், கூடவே டாக்டரிடமும் சொல்லட்டும் என்றேன். ஒருக்களித்துப் படுப்பது, தலைப்பக்கம் சற்று உயர்த்துவது, வெளியே விடும்போது அழுத்தம் இறக்கும் செட்டிங் ஆகியவை பலருக்கு உதவுகின்றன. பெரும்பாலும் சில வாரத்தில் குறைந்துவிடும்.

ஏன் இந்த முதல் இரண்டு வாரத்தைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு பேசுகிறேன் என்றால், முதல் வாரத்தில் ஒருவர் எத்தனை மணி நேரம் போடுகிறாரோ ஏறக்குறைய அதே பழக்கம்தான் பிறகும் நீடிக்கிறது என்று இந்தத் துறையின் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. குறைந்தபட்சம் ராத்திரிக்கு நாலு மணி நேரம், பத்தில் ஏழு நாளாவது போட வேண்டும் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் அளவுகோல். அது பாஸ் மார்க் மட்டுமே. தூங்கும் நேரம் முழுவதும் போடுவதுதான் சிகிச்சை. மத்தியானக் குட்டித்தூக்கத்துக்கும் சேர்த்துத்தான்.

அண்ணனின் கணக்கைச் சொல்கிறேன். முதல் வாரம் ராத்திரிக்கு ஒரு மணி நேரம். பகல் பயிற்சியும் புது செட்டிங்கும் வந்த பிறகு மூன்று மணி. ஐந்தாவது வாரத்தில் ஐந்தரை. இதெல்லாம் மெஷினிலேயே பதிவாகியிருக்கும், வீட்டில் பொய் சொல்லித் தப்பிக்க முடியாது. 42 என்று இருந்தது, மாஸ்க் போட்டிருக்கும் நேரத்தில் 4-க்கு வந்துவிட்டது. சும்மா வரவில்லை. பகல் தூக்கம் தெளியும்வரை வண்டி ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு பௌர்ணமி சவாரிக்கு வேறு டிரைவரைப் போட்டார்கள். அந்தச் சம்பளம், மெஷின் வாங்கிய கடன், அண்ணியின் ஒரு ஜோடி வளையல் எல்லாம் அந்தக் கணக்கில் இருக்கிறது. மெஷின் முப்பதாயிரம் ரூபாயிலிருந்து லட்சத்தைத் தொடும்வரை பல விலைகளில் இருக்கிறது. பெரிய ஊர்களில் மாத வாடகைக்கும் கிடைக்கிறது. முதலில் வாடகைக்கு எடுத்துப் பழகிவிட்டு, பிறகு வாங்குவது புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

மெஷின் வாங்கியதும் டாக்டரை மறந்துவிடாதீர்கள். இரண்டு வாரத்தில் ஒருமுறை மெஷினையோ அதன் மெமரி கார்டையோ எடுத்துக்கொண்டு போங்கள். எங்கள் ஊர்க்காரர்கள் வேலூர், புதுச்சேரி, சென்னை என்று போகிறார்கள். பஸ்ஸில் அரை நாள் போய்விடும். போன இடத்தில் "நல்லாத்தான் இருக்கு டாக்டர்" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு வரக் கூடாது. எந்த மணிக்கு விழிப்பு, எங்கே கசிவு, வாய் வறட்சியா, உப்பசமா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ராத்திரி பக்கத்தில் படுத்திருப்பவர் கூடப் போவது ரொம்ப நல்லது. தூங்கியவருக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பேச்சு முழுவதும் கணவனுக்கு வாங்கின மெஷினாகவே போய்விட்டது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இது அதிகமாகிறது. காலையில் தலைவலி, பகலெல்லாம் அசதி, காரணமில்லாத எரிச்சல் என்று வரும். "வீட்டு வேலை, வயசாகுது" என்று தள்ளிவிடுகிறோம். உங்கள் குறட்டையை யாரும் உங்களிடம் சொல்வதில்லை என்பதால் அது இல்லை என்று அர்த்தமில்லை.

இனி, வந்த கேள்விகளில் இரண்டு.

"ராத்திரி கரண்ட் போனால் மாஸ்க்கில் மூச்சு அடைத்துவிடுமா?" என்று ஒரு வாசகி பயந்து கேட்டிருக்கிறார். அடைக்காது. மாஸ்க்கில் காற்று வெளியேறச் சின்னத் துளைகள் எப்போதும் திறந்திருக்கும். வாயையும் மூடும் மாஸ்க்கில், காற்று நின்றால் தானே திறந்துகொள்ளும் வால்வு இருக்கும். புழுக்கத்தில் விழிப்பு வரும், கழற்றிவிடுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பெரும்பாலான மெஷின்கள் அதில் ஓடும். கரண்ட்டை அதிகம் தின்பது தண்ணீர்த் தொட்டியின் ஹீட்டர்தான், மின்வெட்டுக் காலத்தில் அதை மட்டும் அணைத்துவைக்கலாம்.

"தீபத்துக்கு உங்கள் ஊருக்கு வருகிறோம். மாமியார் மெஷின் போடுகிறவர். மூன்று நாள்தானே, விட்டுவிட்டு வரலாமா?" என்று இன்னொருவர். வேண்டாம், எடுத்துக்கொண்டே வாருங்கள். ஒரு நாள் விட்டாலே பழைய குறட்டையும் அசதியும் திரும்பிவிடும். அதோடு தீபக் கூட்டத்தில் நடக்க வேறு வேண்டும். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துவிட்டுப் பையில் வையுங்கள், இல்லாவிட்டால் மெஷினுக்குள் தண்ணீர் போய்விடும். தங்கும் அறையில் பிளக் பாயின்ட் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்காது, எங்கள் ஊர் லாட்ஜ்களைப் பற்றி எனக்குத் தெரியும். நாலு மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்றை மறக்காமல் எடுத்துவையுங்கள்.